விலாவில் வீங்கிய டயர்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெரிய எஸ்.யூ.வி. வண்டிகளின் டயர் பக்கவாட்டைப் பற்றியவை. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்.யூ.வி. என்னுடையது. டயரில் ட்ரெட் (தரையில் படும் வரிப்பள்ளப் பகுதி) பாதிக்கு மேல் இருக்கிறது. நேற்று கழுவும்போதுதான் முன்டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு புடைப்பைப் பார்த்தேன். ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த வாரம் குடும்பத்தோடு நீண்ட பயணம். போய் வந்து மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம் சார். பயணத்துக்கு முன்பே மாற்றுங்கள். அதுவரை ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டுங்கள்.

காரணம் சொல்கிறேன். வண்டியின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. அந்தக் காற்றைக் கட்டிப் பிடித்திருப்பது ரப்பர் என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் ரப்பருக்குள் புதைந்து கிடக்கும் நூல்தான் அந்த வேலையைச் செய்கிறது. கார், எஸ்.யூ.வி. ரேடியல் டயர்களில் எஃகுக் கம்பிப் பட்டைகள் ட்ரெட்டுக்கு அடியில் மட்டுமே இருக்கும். பக்கச்சுவரில் இருப்பது பெரும்பாலும் ஓரிரு அடுக்கு பாலியஸ்டர் அல்லது ரேயான் நூல், அவ்வளவுதான். பள்ளத்தின் விளிம்பிலோ நடைபாதைக் கல்லிலோ வேகமாக மோதும்போது டயர் நசுங்கி, பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் பாக்குவெட்டியில் சிக்கிய மாதிரி மாட்டிக்கொள்கிறது, உள்ளே நூல்கள் அறுந்துபோகின்றன, வெளியே ரப்பரில் ஒரு கீறல்கூட இருக்காது. நூல் இல்லாத அந்த இடத்தைக் காற்று மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வரும். அடி விழுந்து பல நாள் கழித்துக்கூடப் புடைப்பு தெரியலாம், அதனால்தான் "நான் எங்குமே மோதவில்லையே" என்று பலரும் சத்தியம் செய்கிறார்கள்.

ஓட்டும்போது வித்தியாசம் தெரியாததை நம்ப வேண்டாம். வெடிக்கிற நிமிடம் வரை அந்த டயர் நன்றாகத்தான் ஓடும். மாற்றும்போது ரிம்மின் உள்பக்க விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், வீல் அலைன்மென்ட்டையும் சரிபாருங்கள். அவ்வளவு அடி விழுந்திருந்தால் டயர் மட்டும் வாங்கியிருக்காது.

கேள்வி: என் டயரில் புடைப்பு இல்லை, நேர்மாறாக மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய குழிவு. இதுவும் ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. நூல் அடுக்கின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்படும் இடம் அது. அங்கே நூல் இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடம்போல விரிந்துகொடுக்காது, காற்று அடைத்ததும் லேசாக உள்வாங்கித் தெரியும். உள்ளே போனால் கவலை இல்லை, வெளியே வந்தால்தான் கவலை.

கேள்வி: நெடுஞ்சாலையில் பின்டயர் திடீரென்று பக்கவாட்டில் கிழிந்தது. டயர் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிறுவனத்திடம் கேட்டால் "காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்" என்கிறார்கள். தப்பிக்கப் பார்க்கிறார்களா?

இருக்கலாம், ஆனால் முதலில் டயரைக் கழற்றி உள்ளே பாருங்கள். கருப்பு ரப்பர்த் தூள் கொட்டிக் கிடக்கிறதா? உள்சுவரில் சுற்றிலும் வளையமாகத் தேய்ந்த தடம், சுருக்கம், நிறமாற்றம் இருக்கிறதா? இருந்தால் அவர்கள் சொல்வதுதான் நடந்திருக்கிறது, சண்டை போட்டுப் பயனில்லை. அப்படி ஒரு தடமும் இல்லாமல், மோதிய அடையாளமும் இல்லாமல், நூலும் ரப்பரும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால் தயாரிப்புக் கோளாறா என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. டயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 265/60 ஆர்18 (265 மி.மீ. அகலம், அதில் 60 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம்) அளவு டயரின் சுற்றளவு சுமார் 2.4 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பதினோரு தடவைக்கு மேல் சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடுகிற இடத்தில் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது, ஒரு மணி நேரத்தில் நாற்பதாயிரம் தடவைக்கு மேல். காற்று சரியாக இருந்தால் மடிப்பு சிறியது. குறைந்தால் மடிப்பு பெரிதாகி, சூடு ஏறி, நூல் ரப்பரைவிட்டுப் பிரியத் தொடங்கும். இரண்டரை டன் வண்டியில், ஆளும் சாமானும் ஏற்றி, வெயிலில் போனால் கேட்கவே வேண்டாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவன் இல்லை. ஒரு முறை ஆணி ஏறி மெதுவாகக் காற்று இறங்கிக்கொண்டிருந்தபோது, டேஷ்போர்டில் எரிந்த காற்றழுத்த எச்சரிக்கை விளக்கை "சென்சார் கோளாறாக இருக்கும்" என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஆணித் துளை ட்ரெட்டில்தான் இருந்தது, அடைத்திருக்கலாம். ஆனால் கழற்றியதும் உள்ளிருந்து ஒரு கைப்பிடி தூள் கொட்டியது. நல்ல டயர் குப்பைக்குப் போனது. எச்சரிக்கை விளக்குள்ளவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால்தான் அது எரிந்தாக வேண்டும். 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) இருக்க வேண்டிய டயர் 27-க்கு இறங்கும் வரை சும்மா இருக்கலாம். அளவுமானி ஒன்றை வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது காலையில் பாருங்கள்.

கேள்வி: பக்கச்சுவரில் "அதிகபட்சம்" என்று போட்டிருக்கும் அளவுக்கே காற்று அடித்துவிட்டால் என்ன?

அது டயரின் எல்லை, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். முழு பாரத்துக்கு வேறு அளவு கொடுத்திருந்தால் அதையும் மதியுங்கள்.

கேள்வி: 18 அங்குலத்திலிருந்து 22 அங்குல அலாய் வீலுக்கு மாற ஆசை. டயர் அடிக்கடி அடிபடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

உங்கள் நண்பர் பக்கம்தான் நான். 265/60 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம் 159 மில்லிமீட்டர், 265-இல் 60 சதவீதம். கிட்டத்தட்ட அதே மொத்த உயரத்துக்கு 285/40 ஆர்22 போட்டால் அது 114 ஆகிவிடும். நாலரை சென்டிமீட்டர் மெத்தை போயிற்று. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் தரையைத் தொடுவதற்கு முன் அமுங்க இடம் வேண்டும், அந்த இடத்தைத்தான் நீங்கள் அழகுக்காக விற்கிறீர்கள். வளைவில் வண்டி விறைப்பாக நிற்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை.

பிடிவாதமாக மாற்றினால் டயர் அளவை அடுத்து அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டு எண்ணையாவது பாருங்கள். 110 என்றால் ஒரு டயருக்கு 1060 கிலோ. பழைய டயரின் எண்ணைவிடக் குறையக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் அளவுக்கு முன்னால் 'பி' என்று இருக்கும் பயணிகள் கார் டயரை எஸ்.யூ.வி.யில் போடும்போது, எழுதியிருக்கும் எடையை 1.1-ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த 1060, 963 ஆகிவிடும். 'எக்ஸ்.எல்.' என்று இருந்தால் கூடுதல் எடை தாங்கும்தான், அதற்குரிய கூடுதல் காற்றை அடைத்தால்.

கேள்வி: 2000-இல் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயர் வெடித்துப் பெரிய பிரச்சினை ஆனதே, அதுவும் பக்கச்சுவர்தானா?

இல்லை. அந்த ஃபயர்ஸ்டோன் டயர்களில் ட்ரெட்டே பட்டையாகப் பிரிந்து வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். கோளாறு வேறு, ஆனால் வாக்குவாதம் பழகியதுதான்: ஃபோர்ட் பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. போதுமா, 30 வேண்டுமா என்று இரு நிறுவனங்களும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. நான் மேலே சொன்ன எச்சரிக்கை விளக்கு அங்கே புதிய கார்களில் கட்டாயமானதே அதைத் தொடர்ந்து வந்த அமெரிக்கச் சட்டத்தால்தான்.

கேள்வி: பக்கச்சுவரில் ஆணி. பஞ்சர் ஒட்டலாமா?

கூடாது. ஓயாமல் மடங்கும் இடத்தில் ஒட்டு நிற்காது, அறுந்த நூலும் திரும்பச் சேராது. ட்ரெட்டின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளை என்றால் மட்டும் உள்ளிருந்து அடைக்கலாம்.

கேள்வி: மணலில் ஓட்டக் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், நீங்கள் குறைக்கக் கூடாது என்கிறீர்கள். யாரை நம்புவது?

இருவரையும். மணலில் மெதுவாகப் போக, பிடிப்புக்காகக் குறைப்பது சரியான வழி. ஆனால் காற்று குறைந்த டயர் வயிறு தள்ளி நிற்கும். மணல் முடிந்து கூர்மையான கல் தொடங்கினால் முதலில் கிழிவது அந்த வயிறுதான். தார்ச்சாலைக்கு வந்தவுடன், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அங்கேயே காற்றடியுங்கள். கையடக்கப் பம்ப் இல்லாமல் அந்த வேலைக்கே போகாதீர்கள்.

கேள்வி: என் வண்டி அதிகம் ஓடுவதில்லை. ட்ரெட் புத்தம்புதிதாக இருக்கிறது, பக்கவாட்டில் மட்டும் மெல்லிய வெடிப்புகள். மினுமினுப்புத் தைலம் பூசினால் மறைந்துவிடுகிறது.

மறைகிறது, போகவில்லை. காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் ரப்பரை வெடிக்க வைப்பவை. ரப்பருக்குள் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் ஓடி மடங்கும்போதுதான் வெளியே கசிந்து வரும், நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டிக்கு அந்த வசதி குறைவு. பெட்ரோலியம் கலந்த தைலத்தை நிறுத்துங்கள், சோப்புத் தண்ணீர் போதும். பிறகு பக்கச்சுவரில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. வெளிப்பக்கம் அந்த நான்கு இலக்கம் இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பாருங்கள், அங்கே இருக்கும். குனிந்ததுதான் குனிந்தீர்கள், உள்பக்கச் சுவரில் புடைப்போ வெட்டோ இருக்கிறதா என்று ஒரு தடவை கையால் தடவியும் பார்த்துவிடுங்கள், ஸ்டெப்னி உட்பட.