அறுவைக் கருவிகளில் அழியாத குறியீடு: கேள்வி பதில்

கேள்வி: ட்ரேயில் ஒட்டிய பார்கோடை ஸ்கேன் செய்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் அவசியமா?

பதில்: ட்ரேக்குள் இருப்பவை இடம் மாறினால் அந்த பார்கோடுக்குத் தெரியாது. இரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். கழுவும் இடத்தில் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்குப் போய்விடும். எண்ணிக்கை சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரியான் (மூளையைச் சிதைக்கும், எளிதில் அழியாத புரதம்) நோயாளிக்குப் பயன்பட்ட கருவிகளைத் தேடும் நாளில்தான் சிக்கல். 134 டிகிரியில் 3 நிமிடம் என்ற வழக்கமான நீராவிக் கிருமிநீக்கச் சுழற்சி பிரியானுக்குப் போதாது. எந்தக் கருவி என்று சொல்ல முடியாவிட்டால், சந்தேகத்துக்குரிய செட்டுகள் அத்தனையையும் ஒதுக்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் குறியிட வேண்டாம். மூளை, தண்டுவடம், கண்ணின் பின்பகுதி அறுவைக்கான செட்டுகளில் தொடங்குங்கள்.

கேள்வி: குறி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

பதில்: எத்தனை இலக்கம் என்பதைப் பொறுத்தது. டேட்டா மேட்ரிக்ஸில் (சிறு கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன குறி) ஜிஎஸ்1 என்ற சர்வதேசப் பொருள் எண் முறைப்படி 14 இலக்கப் பொருள் எண்ணும் வரிசை எண்ணும் எழுதினால், 16×16 கட்டத்தில் வரிசை எண்ணுக்கு 4 இலக்கமே மிஞ்சும். 18×18 எடுத்தால் 16 இலக்கம் வரை போகலாம். ஒரு கட்டம் 0.15 மி.மீ. என்றால் பக்கம் 2.7 மி.மீ.; சுற்றிலும் ஒரு கட்ட அகலம் வெற்றிடம் விட்டால் 3 மி.மீ.

உருண்டைத் தண்டில் இந்தக் கணக்கு உதவாது. குறியின் அகலம் விட்டத்தில் 16 சதவீதத்தைத் தாண்டினால் ஓரங்கள் வளைந்து ஸ்கேனருக்குத் தப்பிவிடும். 5 மி.மீ. தண்டில் கிடைப்பது 0.8 மி.மீ. தான். அங்கே 8×32 செவ்வகக் குறியை 0.1 மி.மீ. கட்டத்தில், நீளவாக்கில் போடலாம். 20 இலக்கம் கொள்ளும் என்பதால் மருத்துவமனையின் சொந்தச் சுருக்க எண்ணுக்குச் சரி.

தயாரிப்பாளர் ஏற்கெனவே குறியிட்டிருந்தால் அதையே பதிவு செய்யுங்கள். இரண்டாவது குறி வேண்டவே வேண்டாம். ஸ்கேனர் ஒருநாள் இதைப் படிக்கும், மறுநாள் அதைப் படிக்கும்.

கேள்வி: லேசர் குறி இட்ட இடத்திலேயே துருப் பிடிக்கிறதே, எஃகு மட்டமா?

பதில்: பெரும்பாலும் எஃகின் குற்றமில்லை, சூட்டின் குற்றம். துருவேறா எஃகைக் காப்பது மேலே இருக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலம். லேசர் சூட்டில் கறுக்க வைக்கும்போது அந்தப் படலம் குலைகிறது. கத்தரி, ஊசிபிடிப்பான் போன்றவற்றுக்கான 420 ரக எஃகில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். இழக்க அதிகம் கையிருப்பில்லை.

சக்தியைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, இரண்டு மூன்று முறை லேசாக ஓட்டுங்கள். ஆழமாகச் செதுக்காதீர்கள், பள்ளத்தில் இரத்தக் கசடு தங்கும். பிறகு கொழுப்பு நீங்கக் கழுவி, குலைந்த படலம் மீண்டும் உருவாக 4 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் 21 முதல் 49 டிகிரிக்குள் குறைந்தது 20 நிமிடம் ஊறவைத்து, நன்கு அலசி, உடனே உலர்த்துங்கள். அமிலத்தில் குறி வெளுத்தால் லேசர் அமைப்பு இன்னும் சரியாகவில்லை என்று பொருள். மொத்தக் கருவிகளுக்கும் போகும் முன், கழித்துக் கட்டிய நாலைந்து கருவிகளில் குறியிட்டு உங்கள் சொந்த வாஷரிலும் ஆட்டோகிளேவிலும் பல சுழற்சி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: நன்றாக இருந்த குறி மங்கிக்கொண்டே வருகிறது.

பதில்: எல்லாக் கருவியிலும் ஒரே சீராக மங்கினால் இரசாயனத்தைச் சந்தேகியுங்கள்: கடுங்காரச் சோப்புக் கரைசல், அல்லது பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. பழுதுபார்க்கப் போய் வந்தவை மட்டும் மங்கினால் பாலீஷ் சக்கரம்தான் காரணம். குறி உள்ள இடத்தைத் தொடக்கூடாது என்று பணி ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, ஸ்கேனர் மட்டும் படிக்கவில்லை!

பதில்: பளபளப்புதான் வில்லன். கண்ணாடிபோல் மின்னும் உலோகத்தில் ஒளி நேரே திரும்பி வந்து கறுப்பு வெள்ளை வேறுபாட்டை அழித்துவிடும். காகித லேபிளுக்கான ஸ்கேனரை விட்டுவிட்டு, உலோகக் குறிகளுக்கென்றே பரவிய ஒளியோடு வருவதை வாங்குங்கள். ஈரமும் மசகும் துடைத்திருக்க வேண்டும். குறியின் தரச் சோதனைக்கும் உலோகம் போன்றவற்றில் நேரடியாக இட்ட குறிகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 29158 என்ற சர்வதேச அளவுகோல்; லேபிளுக்கான அளவுகோல் இங்கே பொருந்தாது.

கேள்வி: எங்கே குறியிடக்கூடாது?

பதில்: மூட்டு, ராட்செட் (கருவியைப் பூட்டிப் பிடிக்கும்) பற்கள், வெட்டு விளிம்பு, பிடிக்கும் முனை, மின்காப்பு உறை. ஒரே வகைக் கருவிக்கு எப்போதும் ஒரே இடம். தேடித் திருப்பும் நேரம் மிச்சம்.

கேள்வி: கருவியில் சுற்றும் வண்ண டேப் போதாதா?

பதில்: எந்த செட் என்று சொல்லும், எந்தக் கருவி என்று சொல்லாது. ஓரம் கிளம்பினால் அடியில் அழுக்கு சேரும். ஒட்டுவதானால் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ஒரு கருவியின் குறி சிதைந்துவிட்டது. செட்டில் மற்ற எல்லாம் ஸ்கேன் ஆகின்றன, ஒரு எண்தான் மீதி. அதையே மறுபடி பொறிக்கலாமா?

பதில்: கூடாது. மீதியுள்ள எண் இதனுடையது என்பது, செட்டில் எதுவும் இடம் மாறவில்லை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இடம் மாறுகிறது என்பதால்தானே குறியிடவே தொடங்கினோம். பழைய எண்ணை ‘அடையாளம் இழந்தது’ என்று முடக்கி, கருவிக்குப் புது எண் கொடுத்து, குறிப்பில் இரண்டையும் தேதியோடு இணைத்து வையுங்கள்.