விடுதி பூட்டும் நாட்களில்

கேள்வி: எட்டு வயதிலிருந்து குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தேன். வயது 19, பி.காம். இரண்டாம் ஆண்டு. மாலையில் தொடங்கி இரவு ஒன்பதரை வரை துணிக்கடையில் வேலை. இரண்டு தாள்களில் அரியர். தீபாவளிக்கு விடுதியைப் பூட்டினால் போக இடமில்லை. விடுப்புப் படிவத்தில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். ‘நீ மன உறுதியுள்ள பெண், சமாளித்துவிடுவாய்’ என்கிறார்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. படிப்பை விட்டுவிடட்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, விட வேண்டாம். ஒன்பதரை மணி வரை கால் கடுக்க நின்றுவிட்டு வந்து கணக்கியல் புத்தகத்தைத் திறப்பவருக்கு அரியர் விழுவது தூக்கக் குறைவால்தான். அதில் மன உறுதிக்கு என்ன குறை? ‘சமாளித்துவிடுவாய்’ என்பவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லோடு தங்கள் பொறுப்பு தீர்ந்ததாக எண்ணிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வீட்டுப் பிள்ளை அரியர் வைத்தால் திட்டு விழும். சோறும் பாயும் பறிபோவதில்லை.

அந்த வீட்டின் இடத்தில் அரசு ஓரளவேனும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான், 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கான பிற்காப்பு உதவியை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 46-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. 21 வயது வரை, விதிவிலக்கான சூழல் இருந்தால் 23 வரை அது நீளலாம்; ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வத்சல்யா இதற்கு மாதம் 4,000 ரூபாய் என வரையறுத்துள்ளது. கேட்காமல் அது வந்து சேர்வது அரிது. எனவே உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் சென்று, இல்லத்தில் வளர்ந்ததற்கான ஆணை நகல், கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், பாஸ்புக் ஆகியவற்றோடு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உங்களுக்கு உரியது. இவை கைக்கு வந்தால் கடை நேரத்தை வார இறுதிக்கு மட்டும் சுருக்கிக்கொள்ளலாம். அரியர் தாள்களுக்கு அந்த மாலைகள் போதும்.

அமெரிக்காவில், 13 வயதுக்குப் பிறகு எப்போதேனும் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த மாணவரிடம், அரசின் கல்வி உதவி விண்ணப்பத்தில் பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை. நம் படிவங்களுக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை. அதுவரை அந்த வெற்றிடத்தில் கையெழுத்திட, உங்களை வளர்த்த இல்லத்தில் உங்கள் மனம் முதலில் நினைக்கும் அக்காவையோ அம்மாவையோ கேளுங்கள். தீபாவளிக்கு நான்கு நாள் தங்க வரலாமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். அவர்களால் இயலாதென்றால், விடுதிக் காப்பாளருக்கும் முதல்வருக்கும் இப்போதே கடிதம் கொடுங்கள். பூட்டுவதற்கு முந்தைய நாள் வரை காத்திருக்க வேண்டாம்.