கன்றுச் சீரம் செய்கிற வேலை: செல் வளர்ப்புக் கேள்வி பதில்

செல் வளர்ப்புக் கூடத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு கும்பகோணத்துக்கே திரும்பிவிட்டேன். புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களுக்கு மருந்தையும் பாலியமைனையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். எழுதிய வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

திருவாரூர் கல்லூரி மாணவர்: பாலியமைன் என்றால் என்ன அம்மா?

புட்ரசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகிய மூன்றும்தான் தம்பி. நேர்மின்னேற்றம் கொண்ட சிறு மூலக்கூறுகள். எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏ, ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். இவை இல்லாமல் செல் பிரியாது. நாகப்பட்டினத்தில் கெட்டுப்போன மீன் கூடை பக்கம் போனால் மூக்கைப் பொத்துகிறோமே, அந்த நாற்றத்தில் புட்ரசினுக்கும் பங்கு உண்டு. ஸ்பெர்மினை ஏராளமாகச் சுரப்பது புராஸ்டேட் சுரப்பி. விந்துவில் அதன் படிகங்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்த டச்சுக்காரர் லீவன்ஹூக் பதினேழாம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்.

மயிலாடுதுறை ஆய்வு மாணவி: பிசி-3 என்ற புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களுக்கு மருந்தோடு ஸ்பெர்மினும் கொடுத்தேன். மருந்து மட்டும் கொடுத்ததைவிடப் பல மடங்கு செல்கள் இறந்துவிட்டன. இரண்டும் கூடி வேலை செய்கின்றன என்று எழுதலாமா?

பேனாவைக் கீழே வையுங்கள் அம்மா. செல்கள் வளரும் திரவமான ஊடகத்தில் கருக்கன்றின் சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், பத்து சதவீதம் ஊற்றியிருப்பீர்கள். மாட்டினச் சீரத்தில் அமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஸ்பெர்மினையும் ஸ்பெர்மிடினையும் ஆக்சிஜனேற்றி ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆல்டிஹைடுகளும் உண்டாக்கும். அவற்றிலிருந்து அக்ரோலினும் பிறக்கும். செல்களைக் கொன்றது அந்த நஞ்சாகவே இருக்கலாம். அப்படியானால் உங்கள் மருந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. கடைமடையில் உப்புநீர் ஏறிப் பயிர் கருகியிருக்க, பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பதுபோலத்தான் இது. நானும் இப்படி மூன்று மாதம் ஏமாந்திருக்கிறேன்.

அந்த நொதியைத் தடுக்க அமினோகுவானிடின் சேருங்கள். ஒரு மில்லிமோலார் அளவு வழக்கம். ஆனால் அதற்கும் வேறு வேலைகள் உண்டு, நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதியையும் அது தொடும். ஆகவே எதுவும் இல்லாதது, மருந்து மட்டும், ஸ்பெர்மின் மட்டும், இரண்டும் என்று நான்கு. ஒவ்வொன்றும் அமினோகுவானிடினோடும் அது இல்லாமலும். ஆக எட்டு ஏற்பாடுகள். இதில் ஒன்று குறைந்தாலும் நான் நம்பமாட்டேன்.

பட்டுக்கோட்டை வாசகர்: பாலியமைன் உற்பத்தியையே நிறுத்தினால் புற்றுச்செல் செத்துவிடாதா?

நிறுத்தும் மருந்து இருக்கிறது: டிஎஃப்எம்ஓ, அதாவது எஃப்லார்னிதின். புட்ரசினை உண்டாக்கும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் நொதியை மீளாதபடி முடக்கும். செல்கள் பெரும்பாலும் சாவதில்லை, வளர்ச்சி நின்றுவிடும். அதுவும் நிலைக்காது. மேட்டூர் அணையை மூடினாலும் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் பாய்ச்சிக்கொள்கிறார் அல்லவா? செல்லும் வெளியிலிருந்து பாலியமைனை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் உள்ளிழுப்பைத் தடுக்கும் பொருளையும் டிஎஃப்எம்ஓவையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள். புட்ரசினைத் திரும்பக் கொடுத்தால் வளர்ச்சி மீள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மீண்டால்தான் குறைபாடே காரணம் என்று சொல்ல முடியும். ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதே மருந்து, 2023 டிசம்பரில் அங்கே நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைகளின் நரம்புசார் புற்றுநோய் மீண்டும் வரும் அபாயத்தைக் குறைக்கவும் அனுமதி பெற்றது. புராஸ்டேட்டுக்கு அல்ல.

தஞ்சாவூர் ஆய்வு மாணவர்: செல் வளர்ச்சியை மருந்து தனியாக 30 சதவீதம் குறைத்தது, டிஎஃப்எம்ஓ தனியாக 30, இரண்டும் சேர்ந்து 52. நல்ல முடிவுதானே?

ஒன்றுக்கொன்று உதவாமல் தனித்தனியே வேலை செய்தாலே 51 வரும். 70இல் 70 சதவீதம் 49 தானே மிஞ்சும்? உங்கள் ஒரு சதவீதம் பிப்பெட் நடுக்கத்தில் வருவது. பல அளவுகளில் செய்து, இரு மருந்துகள் கூடி வேலை செய்கின்றனவா என்று கணக்கிடும் சௌ-தலாலே முறையில் கூட்டுக் குறியெண் 1க்குக் கீழே வருகிறதா பாருங்கள்; வந்தால்தான் கூடி வேலை செய்கின்றன என்று பொருள். பிசி-3 மட்டும் போதாது. அது எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்தது, ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைச் சார்ந்ததல்ல. ஆண்ட்ரோஜனுக்குப் பதில் தரும் எல்என்கேப் என்ற புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களிலும் செய்யுங்கள்.

மன்னார்குடி விவசாயி, வயது 68: எனக்கு இந்த நோய் இருக்கிறது. ஸ்பெர்மிடின் மாத்திரை வாங்கலாமா? ஸ்பெர்மிடின் இருக்கிற காளானைச் சாப்பிடுவதை விட்டுவிடவா?

தட்டில் வளரும் செல்லுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை ஐயா. அதை வைத்து உங்கள் சாப்பாட்டை முடிவு செய்ய முடியாது. மாத்திரையை நீங்களாக வாங்க வேண்டாம்; சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மீண்டும் மயிலாடுதுறை மாணவி: ஸ்பெர்மின் ஊற்றியதும் ஊடகம் ஊதாவாக மாறியது. அது சாதாரணம்தானா?

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உப்பாக இல்லாத ஸ்பெர்மின் கடும் காரம். ஊடகத்தில் இருக்கும் நிறங்காட்டியான ஃபீனால் சிவப்பு அதைத்தான் காட்டியிருக்கிறது. ஹைட்ரோகுளோரைடு உப்பு வாங்கி, பிஎச் சரிசெய்து, முதல் தட்டிலிருந்து தொடங்குங்கள்.