அப்பப்பாவின் வாள்

கேள்வி: அப்பப்பா காலத்து மரம் அரியும் வாள், இரண்டு பேர் இழுக்கிறது, 6 அடி. கொட்டிலில் துருவேறிக் கிடக்கிறது. முதிரை மரத்தை அரியுமா ஐயா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: முதிரை என்ன தம்பி, பாலை மரத்தையும் அரியும். முதலில் பல்லைப் பாருங்கள். கத்திபோலச் சரிவாகத் தீட்டியிருந்தால் குற்றியைக் குறுக்கே அறுக்கும். உளிபோல நேராக இருந்தால் நெடுக்காகப் பலகை கிழிக்கும். மாறிப் போட்டால் தோள்மூட்டுப் போய்விடும். இளமையில் ஒரு பாலைக் குற்றியில் நான் பட்டது போதும்.

துருவை மண்ணெண்ணெய் விட்டுத் தேயுங்கள். அப்புறம், பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாள் மரத்துக்குள் இறுகிவிடும். பச்சை மரத்துக்குச் சாய்வு கூட வேண்டும், காய்ந்த முதிரைக்குக் கொஞ்சம் போதும். இழுக்கத்தான் வேண்டும், தள்ளினால் தகடு நெளியும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலைக் கடிக்கும், நீளக்கைச் சட்டை போடுங்கள்.