ஒரு வினை, இரண்டு வேர்கள்

கேள்வி: 'டிரான்ஸ்ஃபர்', 'டிரான்ஸ்லேஷன்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் மூலம் ஒரே லத்தீன் வினை என்று அகராதியில் கண்டேன். அந்த வினையை 'ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாத்தும்' என்று நான்கு வடிவங்களில் கொடுத்திருக்கிறார்கள். ஓசையில் ஒட்டுறவே இல்லாத இவை எப்படி ஒரே வினையாகும்?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பொருளால் ஒரே வினை, பிறப்பால் இரண்டு. 'ஃபெரோ' என்றால் 'சுமக்கிறேன்', 'கொண்டுவருகிறேன்', 'தாங்குகிறேன்'. 'ஃபெர்ரே' அதன் எச்ச வடிவம். 'துலீ' என்பது 'சுமந்தேன்'. 'லாத்தும்' என்பதன் அடியிலிருந்து 'சுமக்கப்பட்ட' என்னும் பெயரெச்சம் பிறக்கிறது. மற்ற வடிவங்களையெல்லாம் இந்த நான்கிலிருந்து ஆக்கிக்கொள்ளலாம் என்பதால்தான் லத்தீன் அகராதிகள் இவற்றைத் தலைப்பிலேயே தருகின்றன.

முதல் இரண்டுக்கும் வேர், வடமொழியில் 'பரதி' (சுமக்கிறான்), 'பாரம்' ஆகியவற்றைத் தந்த பழைய இந்தோ-ஐரோப்பிய வேரே. வடமொழியில் மூச்சொலியுடன் தொடங்கும் பகரம் லத்தீனில் சொல்முதலில் ஃபகரமாகும். வடமொழி 'பிராதா'வுக்கு (சகோதரன்) இணையாக லத்தீனில் 'ஃபிராத்தேர்' இருப்பதும் அவ்வாறே. 'துலீ', 'லாத்தும்' இரண்டும் தூக்குதலைக் குறித்த வேறொரு வேரிலிருந்து வந்தவை. 'லாத்தும்' முன்பு 'த்லாத்தும்' என்றிருந்து முதல் தகரத்தை இழந்தது. அதைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் 'துலீ'யோடு உள்ள உறவு தெரியும். தராசைக் குறிக்கும் 'துலா'வும் அதே வேரினது. ஆகவே நம் கோயில்களில் வழங்கும் 'துலாபாரம்' என்ற வடசொல்லில், லத்தீன் வினையின் இரு வேர்களும் அடுத்தடுத்து நிற்கின்றன!

ஏன் இந்தக் கலப்பு? முதல் வேர் தொடர்ந்து நிகழும் சுமத்தலைக் குறித்தது. முடிந்த செயலைச் சொல்ல அதற்குச் சொந்த வடிவம் இல்லாததால் லத்தீன் இன்னொரு வினையிடம் கடன் வாங்கியது. கிரேக்கத்திலும் இதே நிலைதான்: நிகழ்காலம் 'ஃபெரோ', எதிர்காலம் 'ஓய்சோ', இறந்தகாலம் 'ஏனென்கா'. கடன் கொடுத்த லத்தீன் வினையான 'தொல்லோ' (தூக்குகிறேன்) தன் இறந்தகாலத்தை இழந்து, 'சுஸ்துலீ' என்ற முன்னொட்டு சேர்ந்த வடிவத்தால் காலம் தள்ளியதுதான் வேடிக்கை.

நிகழ்காலத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெரிமுஸ், ஃபெர்திஸ், ஃபெருந்த் என்ற வரிசையில் 'ஃபெர்ஸ்', 'ஃபெர்த்', 'ஃபெர்திஸ்' ஆகிய மூன்றிலும் வேருக்கும் விகுதிக்கும் இடையே உயிர் இல்லை. ஒருமை ஏவலும் வெறும் 'ஃபெர்' மட்டுமே. 'ஃபெர்ஸே' என்பதில் ஸகரம் ரகரமாக மாறியதால் 'ஃபெர்ரே' வந்தது. எதிர்காலமும் (ஃபெராம், ஃபெரேஸ்) தொடர் இறந்தகாலமும் (ஃபெரேபாம்) லத்தீன் இலக்கணம் வகுக்கும் நான்கு வினை வகைகளுள் மூன்றாம் வகையைப் போலவே நடப்பதால் அவற்றைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முன்னொட்டு சேர்ந்தாலும் இந்த இரட்டைப் பிறப்பு மாறாது. 'அப்பால் கொண்டுசெல்' என்ற பொருளில் 'டிரான்ஸ்ஃபர்' நிகழ்கால அடியிலிருந்தும், 'டிரான்ஸ்லேஷன்' பெயரெச்ச அடியிலிருந்தும் கிளைத்தன. 'ரெஃபர்', 'ரிலேட்' இணையும் அப்படியே. 'எடுத்துச்செல்' எனப் பொருள்படும் 'ஔஃபெரோ'வின் பெயரெச்சம் 'அப்லாத்துஸ்'. நீங்கற்பொருள் தரும் நம் ஐந்தாம் வேற்றுமையை ஆங்கிலத்தில் எழுதிய இலக்கண நூல்கள் 'அப்லேட்டிவ்' என்று அழைப்பது இதிலிருந்து வந்த பெயரால்தான்.