சிகரெட் புகையும் அட்வான்ஸ் பணமும்

கேள்வி: நங்கநல்லூரில் எங்கள் மாடி வீட்டை முதன்முறையாக வாடகைக்கு விட்டிருக்கிறோம். குடியிருப்பவர் அறைக்குள்ளேயே சிகரெட் பிடிக்கிறார். ஒப்பந்தத்தில் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அவர் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் செய்யலாமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: புகைபிடித்தார் என்பதற்காக மட்டும் பணத்தைப் பிடிப்பது நியாயமாகாது, ஆனால் புகையால் வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யும் செலவைக் கேட்கலாம். நாள்பட்ட புகை, சுவரிலும் மின்விசிறி இறக்கைகளிலும் மஞ்சள் பிசினாகப் படிந்துவிடும். அதன்மேல் நேரடியாகப் பெயின்ட் அடித்தால் கறை மறுபடியும் மேலே கசியும் என்பதால், சுவரைக் கழுவி, கறை தடுக்கும் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் செலவுக்கு ரசீதையும், குடிவரும்முன் எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். வெறுமனே மங்கிய சுவருக்காக ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்போதே அவரிடம் நேரில், மரியாதையாக, மொட்டைமாடியில் பிடிக்கும்படி சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதையே ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிடுங்கள்.