படுத்தால் கூடும் பல்வலி: கிராம்பு எண்ணெய் ஈறில் எரிந்தால்

சொத்தைப் பல் இரவில் படுத்தால் வலிக்கிறது, கிராம்பு எண்ணெய் விட்டதும் ஈறு எரிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெயை நேராக விட்டதால்தான் ஈறு எரிகிறது. முதலில் வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கொப்பளித்துவிடுங்கள். இனி வைப்பதானால், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 2 சொட்டு மட்டும் கலந்து, பஞ்சில் தொட்டு, பிழிந்துவிட்டுச் சொத்தைக் குழியில் மட்டும் வையுங்கள். கிராம்பில் உள்ள யூஜெனால் வலியை மரக்கச் செய்யும். ஆனால் நீர்க்காமல் ஈறில் பட்டால் புண்ணாக்கும். குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பகலில் சும்மா இருந்துவிட்டு, படுத்ததும் விண்விண் என்று தெறிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பல்லுக்குள் இருக்கும் கூழ், அதாவது நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான பகுதி, வீங்கியிருக்கும். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. விரிய இடமில்லாத அந்தச் சின்ன அறையில் அழுத்தம் ஏறுகிறது. இன்றிரவு இரண்டு தலையணை வைத்துப் படுங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். குளிர்ந்த நீரை அந்தப் பக்கம் ஒரு வாய் வைத்துத் துப்புங்கள். கூச்சம் உடனே அடங்கினால் பல்லை அடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். அரை நிமிடம் தாண்டியும் வலி அடங்காமல் இருந்தால் அநேகமாக வேர் சிகிச்சைதான் (ரூட் கெனால்).

உப்பு நீர் தாராளமாகக் கொப்பளிக்கலாம்: ஒரு டம்ளருக்கு அரைத் தேக்கரண்டி. ஆஸ்பிரினைப் பொடித்துப் பல்லில் அடைக்காதீர்கள், அதுவும் ஈறைப் பொசுக்கும்.

கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே பல் மருத்துவரிடம் போங்கள். விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டால் நேரே மருத்துவமனைதான். அப்புறம், வலி திடீரென்று நின்றுபோனாலும் பல்லைக் காட்டிவிடுங்கள். நரம்பு செத்துப்போயிருக்கலாம், தொற்று உள்ளே தொடரும்.